ஒரே சிராஸ் திராட்சை, மூன்று ஊர், மூன்று ருசி: ஏன்?

தண்டையார்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. கப்பலில் வேலை செய்யும் மச்சான் லீவுக்கு வரும்போது இரண்டு பாட்டில் ரெட் ஒயின் கொண்டுவந்தாராம்: ஒன்று பிரான்ஸின் குரோஸ் எர்மிதாஜ், இன்னொன்று ஆஸ்திரேலியாவின் பரோசா சிராஸ். இவர் இங்கே எலைட் கடையில் ஒரு நாசிக் சிராஸ் வாங்கி, வீட்டில் நாலு பேராக உட்கார்ந்து மூன்றையும் திறந்திருக்கிறார்கள். "மூன்றும் ஒரே திராட்சை என்கிறார்கள். ஆனால் ஒன்றில் மிளகு வாசனை, ஒன்றில் ஜாம், ஒன்று ரெண்டுங்கெட்டானாக இருக்கிறது. மண் காரணமா? இதில் எதுதான் சரியான சிராஸ்? வஞ்சிரம் வறுவலோடு குடித்தபோது வாயில் ஒரு கெட்ட மீன் வாடை வந்ததே, பாட்டில் கெட்டுப்போயிருந்ததா?" என்று கேட்கிறார்.

பாட்டில் கெட்டுப்போகவில்லை. மீனும் ஒயினும் சேர்ந்த விஷயம் அது, கீழே சொல்கிறேன். மூன்றுமே சரியான சிராஸ்தான். மண்ணைப் பற்றி என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊருக்கு ஊர் ருசி மாறுகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வெயிலுக்கு. அப்புறம் எந்த நாளில் பறித்தார்கள், எந்தப் பீப்பாயில் வைத்தார்கள் என்பது. மண் அதற்கெல்லாம் பின்னால்தான் வரிசையில் நிற்கிறது. ஒயின் விற்பவர்கள் மண்ணைப் பற்றியே பேசுவார்கள், கேட்க நன்றாகவும் இருக்கும், ஆனால் கிளாஸில் உங்கள் மூக்குக்கு முதலில் வந்து சேருவது அது கிடையாது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. பெரம்பூர், ராயபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒயின் என்றாலே கிறிஸ்துமஸுக்கு ஆங்கிலோ இந்திய வீடுகளில் போடும் ஒயின்தான் ஞாபகம். பன்னீர் திராட்சை, நிறைய சர்க்கரை, கிராம்பு, பட்டை, சில வீடுகளில் ஒரு பிடி கோதுமை. அருமையான விஷயம் அது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதே நாக்கோடு சிராஸைத் தொட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பழத்தின் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடுகிறது, மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும் வாசனையும். நாம் ஒப்பிடப்போவது அந்த மூன்றையும்தான், இனிப்பை அல்ல. பழமும் வேறு: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், அப்படியே சாப்பிட நன்றாக இருக்கும். சிராஸ் சின்னப் பழம், தோல் கருத்துத் தடித்தது. நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் அந்தத் தோலிலிருந்துதான் வருகின்றன.

ஒரே திராட்சை என்பது எவ்வளவு தூரம் உண்மை என்றால், ரொம்ப தூரம் உண்மை. திராட்சையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சியை வெட்டித்தான் நடுகிறார்கள் அல்லது ஒட்டுக் கட்டுகிறார்கள். பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்றைச் சேலத்தில் வைத்தாலும் ஆந்திராவில் வைத்தாலும் மரம் அதே மரம்தான், பழத்தின் ருசி மட்டும் தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசப்படுகிறது இல்லையா, அந்தக் கதைதான். சிராஸ் ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களின் கடைசியில் டிஎன்ஏ பரிசோதனை செய்து பார்த்ததில் துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களின் பிள்ளை அது என்று தெளிவாகிவிட்டது. பிரான்ஸில் சிரா என்பார்கள், ஆஸ்திரேலியாவில் சிராஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பாட்டிலில் சிரா என்று போட்டிருந்தால், பெரும்பாலும் பிரெஞ்சு பாணியில் கொஞ்சம் மெலிதாகச் செய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பிரெஞ்சு பாட்டிலில் பெரும்பாலும் திராட்சையின் பெயரே இருந்திருக்காது. ரோன் நதியின் வடபகுதியில் சிவப்பு ஒயினுக்கு அனுமதியுள்ள ஒரே சிவப்புத் திராட்சை இதுதான், அதனால் ஊர்ப் பெயர் போட்டாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். குரோஸ் எர்மிதாஜில் 15 சதவீதம் வரை அங்கே விளையும் வெள்ளைத் திராட்சையைக் கலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் பலரும் கலப்பதில்லை.

இப்போது மிளகுக்கு வருவோம், இந்தக் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். நீங்கள் பிரெஞ்சு பாட்டிலில் மிளகு வாசனை பிடித்தது கற்பனை இல்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிராஸிலிருந்து ரோட்டண்டோன் என்ற ஒரு பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். நம் சமையலறை மிளகுக்கு வாசனை கொடுப்பதும் அதே பொருள்தான். ஒரு லிட்டர் ரெட் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் வெறும் பதினாறு பங்கு. அந்தச் சோதனையில் ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும், இந்த வாசனை தெரியவே இல்லை. ஆகவே அன்றைக்கு உங்களோடு இருந்தவர்களில் யாராவது "மிளகா? எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று சொல்லியிருந்தால் அவரிடம் சண்டை போடாதீர்கள், அவருக்கு நிஜமாகவே வந்திருக்காது.

இந்த ரோட்டண்டோன் பழத்தோலில் கடைசி வாரங்களில்தான் சேருகிறது. குளிரான இடம், குளிரான வருடம், இலை நிழலில் தொங்கும் கொத்து என்றால் அதிகம் சேரும், நேர் வெயிலில் காய்ந்தால் குறையும். குரோஸ் எர்மிதாஜ் இருப்பது 45 டிகிரி வடக்கு அட்சரேகையில். அங்கே செப்டம்பரில் பழம் பழுக்கும்போது நாள் சுருங்கிக்கொண்டே போகும், காற்று குளிர ஆரம்பித்திருக்கும், வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் என்ற பலமான காற்று வேறு அடிக்கும். சர்க்கரை மெதுவாக ஏறும், புளிப்பு அவ்வளவாக இறங்காது, மிளகு வாசனை சேர அவகாசம் கிடைக்கும். ஆல்கஹாலும் 13 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். கறுப்பு ஆலிவ், கொஞ்சம் புகை, வயலெட் பூ என்று அங்குள்ளவர்கள் வர்ணிப்பார்கள். எனக்கு அதோடு பச்சை ரத்த வாசனை மாதிரி ஒன்றும் தெரியும், அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த ஊர் ஒயினில் நான் தேடுவதே அதைத்தான்.

பரோசா இதற்கு நேர் எதிர். தெற்கு ஆஸ்திரேலியாவில் 34 டிகிரி தெற்கு அட்சரேகையில் இருக்கிறது, கோடையில் மழை குறைவு, வெயில் தாராளம். சூடு கூடினால் பழம் தன் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துவிடும், புளிப்பு போய்விடும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். ஆல்கஹால் 14.5, சமயத்தில் அதற்கும் மேல். நீங்கள் ஜாம் என்று சொன்னது அப்படி நன்றாகப் பழுத்த பழத்தின் வாசனை. புளிப்பு ரொம்பக் குறைந்தால் டார்டாரிக் அமிலம் சேர்ப்பார்கள், அது அங்கே சட்டப்படி சரி, சாதாரணமாக நடப்பதும்கூட. பரோசாவை வெறும் வெயில் ஊர் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அங்கே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸரா என்ற பூச்சி பிரான்ஸின் கொடிகளை வேரோடு அழித்தது, அதற்குப் பிறகு அங்கே அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் திராட்சை வளர்க்கிறார்கள். அந்தப் பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. 1832இல் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலிருந்து கொடிக் குச்சிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார், பரோசாவில் 1840களில் நட்ட சிராஸ் கொடிகள் சொந்த வேரில் இன்னும் காய்க்கின்றன. பிரான்ஸிலேயே இவ்வளவு வயதான சிரா கொடியைப் பார்ப்பது கஷ்டம்.

சரி, பரோசாவில் உங்களுக்கு வெனிலா, தேங்காய் மாதிரி ஒரு வாசனையும் வந்திருக்கலாம். அது ஊரும் இல்லை, பழமும் இல்லை, அமெரிக்க ஓக் பீப்பாய். பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியின் மாக்ஸ் ஷூபர்ட் 1950இல் ஐரோப்பா போய் பிரான்ஸின் போர்தோவில் புதிய ஓக் பீப்பாயில் ஒயின் வைப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து 1951இல் கிரேஞ்ச் என்ற ஒயினைச் சோதனையாகச் செய்தார். போர்தோவின் கபர்னே திராட்சை அப்போது அங்கே போதுமான அளவு கிடைக்கவில்லை, சிராஸ் கிடைத்தது. பிரெஞ்சு ஓக்குக்குப் பதிலாக அமெரிக்க ஓக். முதலில் குடித்துப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது, அவர் 57, 58, 59 மூன்று வருடமும் ரகசியமாகச் செய்தார். இன்று ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய பெயர் அது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் கிரேஞ்சின் பழம் அடிலெய்டை ஒட்டிய தோட்டங்களிலிருந்து வந்தது, இன்றைக்கும் பல பகுதிப் பழங்களைக் கலந்துதான் அதைச் செய்கிறார்கள். "ஆஸ்திரேலிய சிராஸ் ருசி" என்று உலகம் பழகிக்கொண்ட ஒன்றில் ஒரு மனிதர் எடுத்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரான்ஸ் பக்கமும் கைவேலை இல்லாமல் இல்லை, காம்போடு முழுக் கொத்தாக நொதிக்கப் போடும் பழக்கம் அங்கே பழையது, அந்த மூலிகை வாசனையில் கொஞ்சம் காம்பிலிருந்து வருவது.

வெயில்தான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே கிடைக்கும். விக்டோரியா மாநிலத்தில் கிராம்பியன்ஸ் என்ற குளிரான பகுதியின் சிராஸில் மிளகு வாசனை அவ்வளவு வரும், ரோட்டண்டோன் ஆராய்ச்சிகளில் அந்தப் பகுதி அடிக்கடி வருவது அதனால்தான். கான்பெரா பக்கத்தில் குளோனகில்லா என்ற இடத்தில் 1992 முதல் சிராஸோடு கொஞ்சம் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்த்து நொதிக்கவைக்கிறார்கள், ரோனின் கோத் ரோத்தியில் செய்வது போல. அதைப் பரோசாவோடு பக்கத்தில் வைத்தால் ஒரே நாட்டுச் சரக்கு என்று யாரும் நம்பமாட்டார்கள்.

மண் ஒன்றுமே செய்யாதா? செய்யும். தண்ணீரை எவ்வளவு பிடித்துவைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது என்ற வழியில் செய்யும். எர்மிதாஜ் குன்று தெற்கு பார்த்த சரிவு, அதன் மேற்குப் பக்கம் கருங்கல், மழைநீர் நிற்காது, கொடி கஷ்டப்பட்டுச் சின்னப் பழமாகக் காய்க்கும். குரோஸின் பெரும்பகுதி அந்தக் குன்றைச் சுற்றியுள்ள சமவெளி, கூழாங்கல் கலந்த வண்டல், அதனால் குடிக்க எளிதான ஒயின், விலையும் பல மடங்கு குறைவு. ஆனால் கருங்கல்லின் ருசி நேராக ஒயினில் இறங்குகிறது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கல் கரைந்து பழத்துக்குள் வருவதில்லை.

நாசிக்கை ரெண்டுங்கெட்டான் என்று சொல்லிவிட்டீர்கள், அதற்கு நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. 20 டிகிரி வடக்கு, சுமார் 600 மீட்டர் உயரம். மற்ற இரண்டு ஊரிலும் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், நாசிக்கில் தூக்கமே கிடையாது, விட்டால் வருடம் முழுக்கக் காய்க்கும். அதனால் இரண்டு கவாத்து செய்கிறார்கள்: அறுவடை முடிந்ததும் ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை முடியும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. மழைக்காலத்தில் வளர்வது கொடி மட்டும், பழம் குளிர்காலத்தில். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறிப்பு. ஜனவரி இரவுகள் பத்து பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும், அது புளிப்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் பிரான்ஸில் பழுக்கப் பழுக்கக் குளிரும், இங்கே பழுக்கப் பழுக்கச் சூடேறும். பிப்ரவரி தாண்டினால் சர்க்கரை ஓடுகிறது, புளிப்பு விழுகிறது, விதையும் தோலும் முழுசாகப் பழுக்கும்வரை காத்திருக்க முடியாமல் பறிக்க வேண்டிய நெருக்கடி. நீங்கள் சொன்ன அந்த நடுவாந்தரம் இதுதான்: பரோசா மாதிரி பழ வாசனை, கூடவே கொஞ்சம் பச்சைத் துவர்ப்பு. பழைய இந்திய ரெட் ஒயின்கள் சிலவற்றில் கருகின ரப்பர் வாசனை ஒன்று வரும், இப்போது அது நன்றாகவே குறைந்திருக்கிறது. நாசிக்கின் சுலா கம்பெனி தன் முதல் ஒயினை வெளியிட்டதே 2000இல்தான். ரோன் பள்ளத்தாக்கில் ரோமானியர் காலத்திலிருந்து திராட்சை போடுகிறார்கள். இத்தனை குறைந்த காலத்தில், இந்தச் சீதோஷ்ணத்தில், இவ்வளவு தூரம் வந்திருப்பதை நான் சாதாரணமாக எண்ணவில்லை. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் குரோவர் தோட்டத்துச் சிராஸும் கிடைத்தால் பாருங்கள். அது நம் சென்னையின் அதே 13 டிகிரி அட்சரேகை, ஆனால் சுமார் 900 மீட்டர் உயரம், வேறு உலகம்.

இனி ஒப்பிடும் முறை. நம் ஊரில் முதல் எதிரி சூடு. "ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடி" என்பது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறைக்குச் சொன்னது, தண்டையார்பேட்டை மாடி வீட்டு மே மாதத்துக்கு இல்லை. 32 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், மூன்றும் ஒன்றுபோலக் காந்தும், பரோசா ரொம்பவே மோசமாகத் தெரியும். மூன்றையும் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து 16லிருந்து 18 டிகிரிக்குள் ஊற்றுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், பாட்டிலைத் தொட்டால் நன்றாகச் சில்லென்று இருக்கவேண்டும், வியர்த்து ஒழுகக் கூடாது. மாதக்கணக்கில் வைக்கவேண்டுமென்றால் அலமாரி வேண்டாம், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டே மேல். வாங்கும்போது கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ, கழுத்தில் பிசுக்கு இருந்தாலோ அந்தப் பாட்டில் எங்கோ வெயிலில் கிடந்தது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

அப்புறம், விலையும் வருடமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது ஊரை இல்லை. பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி வேறு ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள், ஒரே மாதிரி கிளாஸ், ஆளுக்கு 50 மில்லி போதும். முதலில் மோந்து மட்டும் பாருங்கள்: மிளகு இருக்கிறதா, பழம் பச்சையா, பழுத்ததா, காய்ந்த திராட்சையா, மரவாசனை தனியாகத் தெரிகிறதா. பிறகு ஒரு வாய். நாக்கின் ஓரத்தில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று பாருங்கள், அது புளிப்பு. ஈறு எவ்வளவு இழுக்கிறது என்பது துவர்ப்பு. விழுங்கினதும் தொண்டையில் வரும் சூடு ஆல்கஹால். இந்த மூன்றையும் எழுதி வையுங்கள், பிடித்தது பிடிக்காதது அப்புறம். அதுவரை பக்கத்தில் தண்ணீரும் வெறும் பன்னும் மட்டும், காரச் சேவு வேண்டாம்.

இப்போது வஞ்சிரம். 2009இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பலவகை ஒயின்களைக் கடலுணவோடு குடித்துப் பார்த்தார்கள், ஒயினில் இரும்புச் சத்து அதிகமிருந்தால் மீன் கொழுப்போடு சேர்ந்து அந்தக் கெட்ட மீன் வாடை வருகிறது என்று கண்டார்கள். இரும்பு குறைவாக இருந்தால் வராது, அது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளில் தெரியாது. காசிமேட்டில் காலையில் வாங்கின வஞ்சிரத்தை அதற்குப் பலிகொடுக்க எனக்கு மனசு வராது. மீன் என்றால் நாசிக்கிலேயே நல்ல செனின் பிளாங்க் கிடைக்கிறது, அந்த வெள்ளையைத் திறங்கள். சிராஸுக்கு மட்டன். மிளகு தூக்கலாகப் போட்ட சுக்கா வறுவலோடு குரோஸைக் குடித்துப் பாருங்கள், சட்டியிலும் கிளாஸிலும் ஒரே ரோட்டண்டோன், அதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியாது. மிளகாய்க் காரம் வேறு விஷயம், காரமும் ஆல்கஹாலும் வாயில் ஒரே நரம்பைத்தான் உசுப்புகின்றன, அதனால் காரமான பிரியாணியோடு 14.5 சதவீத பரோசா எரிச்சலாகத்தான் முடியும். பரோசாவுக்குப் பெரம்பூர் பாணி மஞ்சள் தேங்காய்ச் சாதமும் கோஃப்தா குழம்பும் நன்றாகச் சேரும், தேங்காய்ப்பால் அந்தச் சூட்டை அடக்கிவிடும்.

மீதியைக் கொட்டிவிடாதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மூன்றையும் திரும்ப மோந்து பாருங்கள். முதல் நாள் இறுக்கமாக இருந்த குரோஸ் பெரும்பாலும் மறுநாள் திறந்துகொண்டிருக்கும், பரோசா அப்படியே நிற்கும், விலை குறைந்த நாசிக் பாட்டில் என்றால் பழ வாசனை கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் எதையும் வைத்துக் குடிக்கவேண்டாம், கறிக்கு ஊற்றிவிடுங்கள்.